மாஸ்கோ மியூல்: களிம்பு வாடை வருகிறது, காரம் வரவில்லை. ஏன்?

கேள்வி:
மாஸ்கோ மியூல் என்ற வோட்கா காக்டெய்லை வீட்டில் கலக்கிறேன். செம்புக் குவளை நிறைய ஐஸ், 45 மில்லி வோட்கா, அரை எலுமிச்சை, மேலே ஜிஞ்சர் ஏல். லேசாகக் களிம்பு வாடை அடிக்கிறது. இஞ்சிக் காரமே இல்லை, வெறும் தித்திப்பு. வோட்காவை மாற்றிப் பார்க்கவா?

பதில் 1:
வோட்கா மேல் பழி போடாதீர்கள். ஜிஞ்சர் ஏல் என்பது இஞ்சி மணம் கொண்ட இனிப்பு சோடா, அவ்வளவுதான். இதற்கு வேண்டியது இஞ்சிக் காரம் தூக்கலான ஜிஞ்சர் பீர். (பீர் என்று பெயர் இருந்தாலும் கடையில் கிடைப்பதில் பெரும்பாலும் போதை இருக்காது.) 45 மில்லி வோட்காவுக்கு 120 மில்லி ஜிஞ்சர் பீர், 10 மில்லி எலுமிச்சைச் சாறு. ஜிஞ்சர் பீரைக் கடைசியில் ஊற்றி மெதுவாக ஒரு சுற்று கலக்குங்கள். குலுக்கினால் வாயு போய்விடும். ஜிஞ்சர் பீர் கிடைக்கவில்லையா? இஞ்சிச் சாறு, சர்க்கரைப் பாகு, சோடா போதும்.

பதில் 2:
குவளையின் உட்புறம் என்ன நிறம்? அங்கேயும் செம்பு என்றால் வாடைக்குக் காரணம் அதுதான். புளி போட்டுத் தேய்த்தால் செம்புப் பாத்திரம் பளிச்சென்று ஆகிறதே, அதே வேலையை எலுமிச்சையும் குவளைக்குள் செய்கிறது. கரைந்த செம்பு உங்கள் வயிற்றுக்குப் போகிறது. பிஎச் (புளிப்பின் அளவு; எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 6-க்குக் கீழே உள்ள எந்த உணவும் செம்பில் படக்கூடாது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் உணவு விதிகள் சொல்கின்றன. எலுமிச்சைச் சாறு 3-க்கும் கீழே. உள்ளே எவர்சில்வர் உள்ள குவளை வாங்குங்கள், அல்லது கண்ணாடி டம்ளர்.

கேட்டவர்:
உள்ளேயும் செம்புதான். ஆனால் கண்ணாடியில் ஊற்றினால் ரஷ்யப் பாரம்பரியம் போய்விடாதா?

பதில் 3:
ரஷ்யாவுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 1941, லாஸ் ஏஞ்சல்ஸ், சன்செட் பொலிவார்டில் ‘காக் அண்ட் புல்’ மதுக்கூடம். உரிமையாளர் ஜாக் மார்கனிடம் ஜிஞ்சர் பீர் தேங்கிக் கிடந்தது. ஹியூப்ளைன் நிறுவனத்தின் ஜான் மார்ட்டினிடம் ஸ்மிர்னாஃப் வோட்கா இருந்தது, ஆனால் விஸ்கி குடிக்கும் அமெரிக்கர்களிடம் அது போணியாகவில்லை. போணியாகாத இரண்டையும் சேர்த்து விற்றுவிட்டார்கள் என்பதே வழக்கமான கதை. அங்கே வேலை பார்த்த வெஸ் பிரைஸ், முதலில் கலந்தது தானே என்று சொன்னார். எனக்கு அதுதான் நம்பும்படி இருக்கிறது, சரக்கைக் காலி செய்யும் கவலை பார்டெண்டருக்குத்தானே! செம்புக் குவளை முழுக்க விளம்பரம். மார்ட்டின் பிற்பாடு போலராய்டு கேமராவோடு ஊர் ஊராகப் போனார். குவளையும் பாட்டிலுமாக பார்டெண்டரை நிற்கவைத்து இரண்டு படம் எடுப்பார்; ஒன்று அந்த பார்டெண்டருக்கு, மற்றது அடுத்த பாரில் காட்டி ஆசை மூட்ட.

கேட்டவர்:
ஜிஞ்சர் பீரும் கண்ணாடி டம்ளருமாக இப்போதுதான் கலந்தேன். வாடை போயிற்று, காரம் மூக்கில் ஏறுகிறது. நன்றி!