மறு: எக்ஸாஸ்ட் லீக் – 'கள்ளக்காற்று' என்று ஒரு சொல் வைத்துக்கொள்ளலாமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பட்டறைப் பயிற்சிக் கையேட்டுக்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம் அல்லவா, அதில் புகையின் நச்சைக் குறைக்கும் கேடலிட்டிக் கன்வெர்ட்டருக்கு 'வினையூக்கி மாற்றி' என்ற விவாதம் முடிந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்கிறேன். 'மாற்றி' என்றதும் மின்மாற்றி நினைவுக்கு வருகிறது என்ற ஆட்சேபம் நியாயமானது. ஆனாலும் சொல் புழக்கத்துக்கு வந்துவிட்டது, இனி அதைக் கலைக்க வேண்டாம். இலங்கைப் பாடநூல்களில் 'ஊக்கி' என்றே இருப்பதால் அங்குள்ளவர்கள் 'ஊக்கி மாற்றி' என்று சுருக்கினாலும் புரியும். பட்டறையில் எப்படியும் அதற்குப் பெயர் 'கேட்கான்'தான். சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்க்கும் மேனிஃபோல்டில் தொடங்கிக் கடைசிக் குழாய் வரைக்கும் எல்லாவற்றையும் 'சைலன்சர்' என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறவர்கள் நாம். கையேட்டில் முழு அமைப்புக்கும் 'புகைவழி' என்று வைத்துவிட்டு, உறுப்புகளைப் பழகிய பெயரிலேயே எழுதினால் போதும்.

எனக்குச் சிக்கல் வேறொன்றில்.

> எக்ஸாஸ்ட் லீக் என்றால் புகைக் கசிவு. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது ஐயா. கசிவு என்றால் உள்ளே இருப்பது வெளியே வருவது. இன்ஜினுக்கும், புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனை அளக்கும் முதல் ஆக்ஸிஜன் சென்சாருக்கும் நடுவே ஓட்டை விழுந்தால், புகை வெளியே வருவது பாதிக் கதைதான். சிலிண்டர்கள் புகையை ஒரே சீராக ஊதுவதில்லை, விட்டு விட்டுத் தள்ளுகின்றன. ஒரு தள்ளலுக்கும் அடுத்த தள்ளலுக்கும் இடையில் குழாய்க்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் கீழே போகிற கணம் ஒன்று வரும். அந்தக் கணத்தில் அதே ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளே நுழைகிறது. வண்டி ஐடிலிங்கில் நிற்கும்போது இது அதிகம். ஆக்ஸிலரேட்டரை மிதித்துப் புகையின் அழுத்தம் கூடினால் குறைந்துவிடும்.

சென்சாருக்கு இதெல்லாம் தெரியாது. ஆக்ஸிஜன் கூடியிருக்கிறது, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே மாறி மாறி ஆட வேண்டியது, கீழேயே கிடக்கிறது. இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யூ. என்ன செய்யும்? பெட்ரோல் போதவில்லை என்று நினைத்துக் கூடுதலாகக் கொடுக்கும். உண்மையில் கலவை 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்று சரியாகத்தான் இருந்தது. பட்டியலில் இல்லாத ஒருவர் வந்து கள்ள ஓட்டுப் போட்டு முடிவையே மாற்றுவது போன்ற வேலை இது. அதனால்தான் உள்ளே நுழையும் அந்தக் காற்றுக்குக் 'கள்ளக்காற்று' என்ற பெயரை முன்வைத்தேன்.

சொல் கொச்சையாக இருக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். கள்ளநோட்டு, கள்ளச்சாவி, கள்ளச்சாராயம் என்றெல்லாம் எழுத நாளிதழ்கள் கூசுவதில்லையே. 'கள்ளக்காதல்தான் நினைவுக்கு வருகிறது' என்று சிரித்த நண்பருக்கு: பயிற்சிக்கு வரும் பையன்கள் சொல்லை மறக்காமல் இருக்க அதுவும் உதவட்டும்.

'அளவுறாக் காற்று' என்ற மாற்று யோசனை அழகாக இருக்கிறது. ஆனால் அது வேறொரு பழுதுக்குப் பொருந்தும் சொல். இன்ஜினுக்குள் காற்று போகும் இன்டேக் பக்கம் ரப்பர் ஹோஸ் வெடித்தால், காற்றளவு சென்சார் கணக்கில் எடுக்காத காற்று சிலிண்டருக்குள்ளேயே போகிறது. அங்கே கலவை நிஜமாகவே பெட்ரோல் குறைந்ததுதான், ஆக்ஸிஜன் சென்சார் சொல்வது உண்மை. கள்ளக்காற்றில் கலவை சரி, சென்சாருக்குக் கிடைக்கும் சாட்சிதான் பொய். ஸ்கேனரில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும் என்பதுதான் தொல்லை. ஐடிலிங்கில் ஃபியூயல் டிரிம், அதாவது இ.சி.யூ. பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு, ஏறி நிற்கும், 2500 ஆர்.பி.எம்.மில் இறங்கும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், படிக்கிற பையன் இன்டேக் ஹோஸையே மாற்றிக்கொண்டிருப்பான்.

பட்டறையில் கள்ளக்காற்றைப் பிடிக்கிற விதத்தையும் சொல்லிவிடுகிறேன், விளக்கக் குறிப்புக்கு உதவும். இரவு முழுக்க ஆறிய வண்டியைக் காலையில் கிளப்பியதும் மேனிஃபோல்டு பக்கம் 'டிக் டிக்' என்று ஒரு தட்டல் கேட்கும். பலர் வால்வைத் தள்ளும் டாப்பெட்டின் சத்தம் என்று விட்டுவிடுவார்கள். இரும்பு சூடேறி விரிந்ததும் இடுக்கு மூடிக்கொண்டு சத்தம் அடங்கிவிடும். அதனால் ஓட்டிக்கொண்டு வந்த வண்டியில் தேடிப் பயனில்லை, வண்டியை இரவு நிறுத்திவைக்கச் சொல்ல வேண்டும். வெப்பத் தகட்டைக் கழற்றினால் இணைப்பை அடைக்கும் கேஸ்கெட்டின் ஓரத்தில் விசிறி போலக் கரி படிந்திருக்கும். பெரும்பாலும் மேனிஃபோல்டை இறுக்கிப் பிடிக்கும் ஓரத்து ஸ்டட் ஒன்று முறிந்திருக்கும். சந்தேகம் தீராவிட்டால், இன்ஜினை அணைத்துவிட்டு, வாக்குவம் கிளீனரின் ஊதும் வாயைப் பின்குழாயில் பொருத்தி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் அடித்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். முறிந்த ஸ்டட்டை எடுத்து, முகத்தைச் சுத்தம் செய்து, புது கேஸ்கெட் வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு முடுக்கிக்கொண்டு போக வேண்டும்.

கேட்கானுக்குப் பின்னால், இரண்டாவது சென்சாரை ஒட்டி ஓட்டை இருந்தால் கதை இன்னும் மோசம். கேட்கான் நன்றாக வேலை செய்தால் அந்தச் சென்சார் 0.6, 0.7 வோல்ட் பக்கம் அதிகம் ஆடாமல் நிற்கும். கள்ளக்காற்று புகுந்தால் அதுவும் சரிந்து ஆடும், கேட்கான் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லும் பி0420 என்ற பழுதுக் குறியீடு விழும். பிளாட்டினம், பல்லாடியம், ரோடியம் பூசிய, குற்றமே செய்யாத பெட்டிக்கு ஆயிரக்கணக்கில் செலவு! பி0420 வந்ததும் 'கேட்கானை மாத்துங்க' என்று சொல்கிற பட்டறைகளைப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

இதற்காகக் 'கசிவு' என்ற சொல்லைத் தூக்கிப்போட வேண்டாம். கார்பன் மோனாக்சைடு வெளியே வந்து வண்டிக்குள் ஏறுவது நிஜமான கசிவு. வாசனையே இல்லாதது, ஆளைக் கொல்லும். வெளியே வருவதற்குக் கசிவு, உள்ளே போவதற்குக் கள்ளக்காற்று. ஓட்டை ஒன்றுதான் என்றாலும் இரண்டுக்கும் பெயர் வேண்டும்.

கேட்கானின் சாவுக்கும் 'கேட்கான் போச்சு' என்ற ஒரே தொடர்தான் இருக்கிறது. கையேட்டுக்கு நஞ்சேற்றம், உருகல், அடைப்பு என்று மூன்று வைக்கலாம். உயிரில்லாத பொருளுக்கு நஞ்சா என்று கேட்டவருக்கு: வேதியியல் பாடத்திலேயே வினையூக்கி நச்சு உண்டு. பெட்ரோலில் இருந்த ஈயம் உலோகப் பரப்பில் படிந்து அதைச் செயலிழக்க வைக்கும். 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதுக் கார்களுக்குக் கேட்கானைக் கட்டாயமாக்கியபோது, ஈயமற்ற பெட்ரோலையும் சேர்த்தே கொண்டுவந்தது அதனால்தான். சிலிண்டர் ஒன்று மிஸ் அடித்து, எரியாத பெட்ரோல் கேட்கானுக்குள் போய் எரிந்தால் உருகல். உருகிய துண்டு வழியை மறித்தால் அடைப்பு, வண்டி இழுக்காது.

ஆட்சேபம் இருப்பவர்கள் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள். 'ஃபியூயல் டிரிம்' இன்னும் பாக்கி. 'எரிபொருள் திருத்தம்' என்று எழுதி வைத்திருக்கிறேன். கூட்டல், கழித்தல் இரண்டுக்கும் அது பொருந்துகிறதா என்று பாருங்கள்.