பாடிக்கொண்டே ஆடினால் பிள்ளைகளுக்கு மூச்சு வாங்குகிறது. பாட்டைப் பதிவு பண்ணிப் போடலாமா?

மேல்டிவிசன் டீச்சர்:

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். சங்கீதம் முறையாகப் படித்தவள் இல்லை. எங்களுக்குச் சங்கீத ஆசிரியரும் இல்லை. இன்னும் ஆறு கிழமையில் கலைவிழா. ரதி மன்மதன் கதையை முக்கால் மணி நேர இசை நாடகமாகப் பழக்குகிறோம். தரம் 8இலிருந்து 11 வரை இருபது பிள்ளைகள் சொச்சம்.

உட்கார்ந்து பாடினால் கேட்க அவ்வளவு நன்றாக இருக்கிறது. எழுந்து ஆடச் சொன்னால் எல்லாம் போச்சு. சிவனின் தவத்தைக் கலைக்கப் போகாதே என்று ரதி மன்மதனை மறிக்கும் இடத்தில் எட்டு வரி வைத்திருக்கிறேன். அவனைச் சுற்றி ஆடிக்கொண்டே பாட வேண்டும். மூன்றாவது வரியிலேயே பிள்ளைக்கு மூச்சு வாங்கி, கடைசிச் சொல்லை விழுங்கிவிடுகிறாள். அந்தக் கடைசிச் சொல்லில்தான் கெஞ்சலே இருக்கிறது.

அதிபர் ஒரு வழி சொல்கிறார். பாட்டை முன்கூட்டியே பதிவு பண்ணி பென்டிரைவில் கொண்டு வாருங்கள், ஸ்பீக்கர் பொக்ஸில் போடுவோம், பிள்ளைகள் வாயசைத்து ஆடட்டும் என்கிறார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது, வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஆட்கள் வருவார்கள். ஆனால் எனக்கு மனம் வரவில்லை. பாடத் தெரிந்த பிள்ளைகளை ஏன் வாயசைக்க வைக்க வேண்டும்?

மன்மதன் இன்னொரு தலைவலி. தரம் 9 பையன். தை மாதம் ஆள் தெரிவு செய்தபோது ரதியைவிட மேலே எட்டிப் பாடினான். இப்போது குரல் உடைந்து, ஒரே வரியை இரண்டு ஆள் பங்கு போட்டுப் பாடுவது போல இருக்கிறது. அவனை மாற்ற எனக்கு விருப்பமில்லை. அந்த வில்லை அவனைப் போலப் பிடிக்க வேறு ஆள் இல்லை. (கரும்பு வில்லுக்கு இந்தக் குளிரில் கரும்புக்கு எங்கே போவது? மூங்கிலை வளைத்துச் சாயம் பூசியிருக்கிறோம்.)

பிறகு மழை. 1.30க்குப் பாடசாலை விடுகிறது. ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டு 2 மணிக்குத் தொடங்கினால் மழையும் அந்த நேரம் பார்த்துத்தான் தொடங்குகிறது. மண்டபம் தகரக் கூரை, கத்தினால்கூடக் கேட்காது. 4 மணிக்கு முன் மேல் டிவிசன் (தோட்டத்தின் மேல்பகுதி) பிள்ளைகளை அனுப்பியாக வேண்டும். பனி இறங்கிவிட்டால் தேயிலைக்குள் குறுக்குப் பாதையில் விட முடியாது, சிறுத்தை நடமாட்டம் இருக்கிறது. போதாக்குறைக்குத் தப்பு மேளம் வேறு ஈரத்தில் தொய்ந்து 'தொப் தொப்' என்கிறது.

நாடகம் பழக்கிய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். பதிவா, நேரடியா?

சவுண்ட் தம்பி:

டீச்சர், நான் ஹட்டன் பக்கம் பொக்ஸ் வாடகைக்குக் கொடுக்கிறவன். பதிவு பண்ணிப் போடுவதுதான் எனக்குச் சுகம், உண்மையைச் சொல்கிறேன். ஆடுகிற பிள்ளைக்குக் கையில் மைக் கொடுத்தால் பொக்ஸுக்கு முன்னால் போய் நிற்கும், மைக் கூவும், சனம் காதைப் பொத்தும். சட்டையில் குத்துகிற மைக் இருபது பிள்ளைக்கும் போட உங்கள் விழாக் காசு முழுக்க எனக்கே வந்துவிடும்.

ஆனால் பாட்டின் நடுவில் கரண்ட் போனால் நாடகம் அந்த இடத்திலேயே நிற்கும். மழைக்காலத்தில் போகாது என்று நான் எழுதித் தர மாட்டேன்.

நேரடி என்றால் பாடுகிற கூட்டத்தை ஓரிடத்தில் நிற்க வைத்து இரண்டு ஸ்டாண்ட் மைக் கொடுங்கள். மேடை முன்விளிம்பில் ஒன்று. பொக்ஸ் இரண்டும் மைக்குகளுக்கு முன்னால், சனத்தைப் பார்த்து இருக்க வேண்டும். தப்புக்கு மைக் வைக்கவே வேண்டாம், கும்பிட்டுக் கேட்கிறேன்.

ஊவாக் குரல்:

நான் பதுளையில் சங்கீதம் படிப்பிக்கிறேன். மன்மதன் பையனைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஆட்டம் எனக்குத் தெரியாத விஷயம்.

அவனை மாற்றாதீர்கள், மேலே பாடச் சொல்லி வருத்தவும் வேண்டாம். அந்த வயதில் குரல்வளை பெரிதாகி, குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன. நேற்று வரை எட்டிய சுரம் இன்று எட்டாது, நாளைக்கு வேறொன்று நழுவும். ஆறு கிழமைக்குள் இது அடங்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அவனுக்கு எந்தச் சுரங்கள் நிலையாக வருகின்றன என்று தினமும் தொடக்கத்தில் ஓகன் வாத்தியத்தில் தொட்டுப் பாருங்கள். ஐந்து சுரம் இருக்கும். ஸ முதல் ப வரை. மெட்டை அதற்குள் அடக்கிக்கொள்ளுங்கள். எட்டாத வரியை விருத்தமாக இழுக்காமல் வசனமாகப் பேசட்டும். கோபமாகப் பேசினால் உடைந்த குரலும் பொருந்தும்.

அடுத்தது சுருதி. நீங்கள் ரதிக்கும் மன்மதனுக்கும் ஒரே சுருதி வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பெண் பிள்ளைக்குப் பெரும்பாலும் 5, 5½ கட்டை (சுருதியின் உயரம்) வசதி. உடைந்த குரல் 1, 1½ பக்கம் இறங்கிவிடும். பிள்ளைக்கு 5 என்றால், அவள் தன் கடைசி வரியை மத்திமத்தில் (ம) கொண்டுபோய் நிறுத்தட்டும். 5 கட்டையின் மத்திமம்தான் 1 கட்டையின் ஷட்ஜம் (ஸ). அதே சுரத்தை ஒரு ஸ்தாயி கீழே பிடித்துப் பையன் தன் பாட்டைத் தொடங்கலாம். இடையில் யாரும் சுருதி கொடுக்கத் தேவையில்லை, கேட்கிறவர்களுக்கும் மாறியது தெரியாது. இருவரும் சேர்ந்து பாடும் பாட்டு ஏதாவது இருந்தால் எடுத்துவிடுங்கள்.

மழைக்கு என்னிடம் மருந்தில்லை. உங்களுக்கு மே மாதத்திலிருந்து என்றால் எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை. நாங்கள் ஜூனில் எல்லா விழாவையும் முடித்துக்கொள்கிறோம்!

பழைய கோமாளி:

டீச்சரம்மா, அக்கரப்பத்தனைப் பக்கம் பிறந்து வளர்ந்தவன் நான். இதே ரதி மன்மதன் கதையை ஆடும் எங்கள் தோட்டத்துக் காமன் கூத்தில் கோமாளி வேடம் கட்டினேன். ரதி கட்ட ஆசைப்பட்டேன், மூக்கைப் பார்த்துவிட்டு மாஸ்டர் கோமாளி என்று முடிவு செய்துவிட்டார். இப்போது வத்தளையில் மகன் வீட்டில் இருக்கிறேன், பேசுவதற்கு ஆள் இல்லாததால் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதிவா நேரடியா என்ற கேள்வி இருக்கட்டும். எட்டு வரியையும் அந்தப் பிள்ளை ஒருத்தியே ஏன் பாடுகிறாள்? பிற்பாட்டு எங்கே?

கூத்தில் ஆடுகிறவன் ஒரு வரி பாடுவான். பின்னால் நிற்கிறவர்கள் அதே வரியை வாங்கிப் பாடுவார்கள். அவர்கள் வாங்கிப் பாடும்போதுதான் இவனுக்கு ஆட்டம். அடவு முடிகிற இடத்தில் வந்து நிற்பான், மூச்சைப் பிடிப்பான், அடுத்த வரியை எடுப்பான். பாடுகிற நேரத்தில் ஆட்டம் கிடையாது, காலால் தாளம் மட்டும் தட்டிக்கொண்டு நிற்பான். விடிய விடிய ஆடியவர்களுக்குத் தொண்டை நின்றது இதனால்தான். உங்கள் பிள்ளைக்குப் பலம் போதாமல் இல்லை, வேலையை இரண்டாகப் பிரித்துக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். நாடகத்தில் வேடமில்லாத நேரத்தில் பிள்ளைகள் சும்மாதானே நிற்கிறார்கள்? ஏழெட்டுப் பேரைப் பிற்பாட்டுக்கு எடுங்கள். சவுண்ட் தம்பி சொல்கிற இரண்டு மைக்கையும் அவர்களுக்குக் கொடுங்கள். ரதி விழுங்கிய சொல்லும் இரண்டாம் முறை சனத்துக்குக் கேட்டுவிடும்.

இன்னும் ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். புருஷனைப் போகாதே என்று மறிக்கிறவள் ஏன் அவனைச் சுற்றிச் சுற்றி ஆடுகிறாள்? அவள் கெட்ட கனவு கண்டு பயந்துபோய் இருக்கிறாள். முதல் இரண்டு வரிக்கு ஆடட்டும். பிறகு வழியை மறித்து நிற்கட்டும். கடைசி இரண்டு வரியில் அசையவே கூடாது, அவன்தான் அவளைச் சுற்றிக்கொண்டு விலகிப் போக வேண்டும்.

மழையைப் பற்றி. பெய்கிற நேரத்தில் ஆட்டம் மட்டும் பழக்குங்கள். தப்பு மட்டும் போதும், வாய் திறக்க வேண்டாம். விட்டதும் உட்கார வைத்துப் பாட்டு. சேர்த்துப் பழக அவசரப்படாதீர்கள். ஆட்டத்தில் கால் தானாகப் போகத் தொடங்கிய பிறகு வரியை வையுங்கள். விழா அன்று மழை பிடித்தால் பாட்டை நிறுத்திவிட்டுக் கோமாளியை இறக்குங்கள். அவனுக்கு வசனமே வேண்டாம். கூரையைப் பார்த்துக் கும்பிடுவது, யமனுக்குக் குடை பிடிப்பது என்று கை கால் ஆட்டம். தப்பு வாசித்துக்கொண்டே இருக்கும். மழை விட்டதும் விட்ட வரியிலிருந்து எடுக்கலாம். இதை இப்போதே பழக்கி வையுங்கள், அன்றைக்குப் புதிதாக யோசித்தால் வராது.

தப்பு: தோலைச் சூடு காட்டத்தான் வேண்டும், வேறு வழியில்லை. பிள்ளைகளுக்குச் சமைக்கிற அடுப்படியில் தணல் இருக்கும் அல்லவா, அங்கே கொடுங்கள். நெருப்புக்கு மேலே பிடிக்காமல் எட்ட வைத்து, வட்டமாகத் திருப்பித் திருப்பிக் காட்ட வேண்டும். விரலால் தட்டினால் 'டங்' என்று வரும்போது எடுத்துவிட வேண்டும். பிறகு கம்பளியில் சுற்றி வையுங்கள். இரண்டு தப்பு வைத்துக்கொண்டால் ஒன்று மேடையில், ஒன்று அடுப்படியில்.

கடைசியாக ஒன்று. மாசி அமாவாசைக்குப் பிறகு காமன் ஊன்றி, பௌர்ணமியில் எரிப்பது சாமி காரியம். மேடையில் கதையை மட்டும் ஆடுங்கள். காப்புக் கட்டுவது, கம்பம் ஊன்றுவது இதெல்லாம் வேண்டாம். தோட்டத்துப் பெரியவர்களிடம் முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், பிறகு பிரச்சினை வராது.

மகாவலிக்கரை:

கோமாளி ஐயா சொல்வதை அப்படியே வழிமொழிகிறேன். நான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்தவன். 1960களில் பேராசிரியர் வித்தியானந்தன் அங்கே மாணவர்களை வைத்து மட்டக்களப்புக் கூத்தை மேடைக்குக் கொண்டுவந்தபோது இதே சிக்கல்தான் இருந்தது: இரவு முழுக்க ஆடுவதை நகரத்துச் சபைக்குச் சில மணி நேரத்துக்குள் அடக்க வேண்டும். நேரத்தைக் குறைத்தார்கள், ஆனால் அண்ணாவியாரையும் (கூத்தைப் பழக்கி நடத்துகிறவர்) பிற்பாட்டையும் விடவில்லை. அதற்கு முன் 1956இல் சரச்சந்திர மாணவர்களை வைத்துப் போட்ட 'மனமே' என்ற சிங்கள நாடகத்திலும் பாடற்குழு சபைக்குத் தெரியும்படி மேடையிலேயேதான் இருந்தது. ஆகவே டீச்சர், உங்கள் பிற்பாட்டுக்காரர்களைத் திரைக்குப் பின்னால் ஒளிக்காதீர்கள். ஆடுகிறவரின் கால் அவர்கள் கண்ணில் பட வேண்டும், இல்லாவிட்டால் தாளம் பிசகும்.

நேரம் குறைக்க வேண்டியிருந்தால் கதையை முன்கூட்டிச் சொல்லும் வரிகளை வெட்டுங்கள். மலையகத்தில் ரதி மன்மதன் கதை தெரியாத சபையா?

மேல்டிவிசன் டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ரதியை நிற்க வைத்துப் பார்த்தேன். எட்டு வரியும் முழுதாக வந்தது, கடைசி வரியில் தரம் 8 பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர்கள் பேச்சை நிறுத்துவது அபூர்வம். பிற்பாட்டுக்கு ஆறு பேர் எடுத்தாயிற்று. மத்திமத்தில் நிறுத்துவது இன்னும் சரியாக வரவில்லை, பையன் சில நேரம் பிடிக்கிறான், சில நேரம் தேடுகிறான். அதிபர் "பார்ப்போம்" என்றார். அவர் வாயில் அது சம்மதம்தான்.

ஆனால் புதிதாக ஒன்று. தப்பு வாசிக்கும் பையனின் அப்பா வந்தார். "என் அப்பா அடித்தார், நான் அடித்தேன், என் மகனும் அதையே அடிப்பதற்கா பள்ளிக்கு அனுப்புகிறேன்?" என்று கேட்டார். சத்தம் போடவில்லை, மெதுவாகத்தான் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. பையனுக்கோ தப்பை விட மனமில்லை.

பழைய கோமாளி:

அவர் கேட்டதில் பிழை இல்லை டீச்சரம்மா. அந்தக் காலத்தில் பெரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் கூட்டுவதற்கு) எழுப்பவும் தப்பு, சாவுக்கும் தப்பு, கோயிலுக்கும் தப்பு. அடித்தவனை மட்டும் வாசலுக்கு வெளியே நிறுத்தினார்கள். அதை மறந்துவிட்டு "இது நம் கலை" என்று அவரிடம் பேசப் போகாதீர்கள்.

ஒரு காரியம் செய்யலாம். தப்பை அந்தப் பையன் ஒருவனிடம் மட்டும் கொடுக்காமல் நாலைந்து பேரிடம் கொடுங்கள். மாணவத் தலைவன் இருப்பான், ஓகன் வாசிக்கிற பிள்ளை இருக்கும், கணக்கப்பிள்ளை வீட்டுப் பிள்ளைகூட இருக்கலாம். எல்லோரும் கையில் எடுக்கட்டும், பெண் பிள்ளைகளும்தான். அவர்களுக்குப் பழக்குகிற பொறுப்பு அவனுடையது. அடிக்குச்சியை எப்படிப் பிடிப்பது, சிண்டுக்குச்சியை எங்கே வைப்பது என்று அவன் சொல்லிக் கொடுப்பதை அப்பா ஒருநாள் வந்து பார்க்கட்டும். அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், பையனை மன்மதனுக்குத் தூதனாகப் போடுங்கள். நீங்கள் வற்புறுத்தக் கூடாது.

மேல்டிவிசன் டீச்சர்:

இன்றே மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், இரண்டு பேர் பெண் பிள்ளைகள். அப்பாவை வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். ஐயா, கோமாளிக்கு உடுப்பு என்ன? இரண்டு பையன்கள் அந்த வேடத்துக்குச் சண்டை.

பழைய கோமாளி:

இரண்டு பேரையும் போடுங்கள், மழை நீண்டால் ஒருவன் களைத்துவிடுவான். அளவில்லாத பழைய கோட், கூம்புத் தொப்பி, முகத்தில் வெள்ளையும் கறுப்பும். சலங்கை கட்டினால் அழகுதான், ஆனால் தகரக் கூரையில் மழை பெய்யும்போது அது யாருக்கும் கேட்காது. அதற்குப் பதில் கைக்கு வெள்ளைக் கையுறை போடுங்கள், பின்வாங்கில் இருக்கிறவனுக்கும் கை தெரியும்.

சவுண்ட் தம்பி:

திகதியைச் சொல்லுங்கள் டீச்சர். மூன்று மைக்குக்கு மட்டும் காசு வாங்குகிறேன். ஜெனரேட்டர் வேண்டுமென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், அந்த மாதம் கோயில் திருவிழாக்களுக்குப் போய்விடும்.