கண்டன்சேட்: தமிழில் ஒரே சொல் போதுமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

வீட்டு ஏ.சி., ஹீட்டர் பருவகாலப் பராமரிப்புக் கையேடு ஒரு சொல்லில் வந்து நிற்கிறது. ஏ.சி.யின் உள் அலகில் சுருள்மேல் படிந்து, தட்டில் சொட்டி, குழாய்வழி வெளியேறும் நீரைக் கண்டன்சேட் என்கிறோம். வரைவில் 'வடிநீர்' என்றிருக்கிறது. 'ஒடுங்குநீர்' என்றும் ஒரு பரிந்துரை வந்தது. எரிவாயு ஹீட்டரிலும் இதே பெயரில் நீர் வெளியேறுவதால், இரண்டுக்கும் பொதுவாக ஒரே சொல் அமைந்தால் நல்லது. கருத்துகளை எழுதுங்கள்.

மறுமொழி 1

வணக்கம் ஐயா. 'வடிநீர்' வேண்டாம். வடிகட்டி எடுத்த நீர் என்றுதான் முதலில் தோன்றும். அதே கையேட்டில் காற்று வடிகட்டி பற்றியும் பேசப் போகிறீர்கள். 'ஒடுங்குநீர்' இயற்பியலுக்குச் சரி (ஆவி குளிர்ந்து திரவமாவதே ஒடுங்குதல்), ஆனால் வாசகரைத் தவறான இடத்துக்கு அனுப்பும். வெளி அலகில் இருப்பதை ஒடுக்கி என்கிறோம். அங்கே குளிர்பதன வாயுதான் குழாய்க்குள் திரவமாகிறது, தண்ணீருக்கு வேலையே இல்லை. ஒடுங்குநீர் எங்கே என்று தேடுபவர் வெளி அலகைத் திறந்து பார்ப்பார். ஏற்கெனவே பழுதுபார்ப்பவர்கள் பேச்சில் 'கண்டன்சர்' என்பது மின்தேக்கியையும் குறிக்கிறது. இன்னொரு குழப்பம் வேண்டாம்.

என் பரிந்துரை: வியர்நீர். குளிர்ந்த நீர் வைத்த செம்பு வியர்க்கிறது என்றுதானே சொல்கிறோம்? சுருளிலும் அதுவே நடக்கிறது. காற்றின் பனிநிலைக்கு, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீராகத் தொடங்கும் வெப்பநிலைக்குக் கீழே சுருள் குளிர்ந்ததும் அதன்மேல் ஈரம் துளிக்கிறது. பழந்தமிழில் 'வியர்' உடல் வியர்வையைக் குறிக்கும் என்பது உண்மை. எந்திரத்தைப் பற்றிய பேச்சில் அது தடையாக இராது.

அளவும் சிறிதல்ல. 1 டன் ஏ.சி.யின் திறன் சுமார் 3.5 கிலோவாட். புழுக்கமான நாளில் அதில் 30 விழுக்காடு ஈரத்தை நீக்குவதில் செலவானாலே மணிக்கு ஒன்றரை லிட்டர் வியர்நீர் சேரும். குழாய் அடைத்தால் ஓரிரவில் சுவர் நனைந்துவிடும்.

சொல்லைக் கையேட்டு நடையில் வைத்துப் பார்த்தேன்: "வெயில் பருவம் தொடங்கும் முன், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, வியர்நீர்த் தட்டைத் துடைக்கவும். வியர்நீர்க் குழாயில் வெள்ளை வினிகர் 250 மி.லி. ஊற்றி அரை மணி நேரம் விடவும். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றவும். தட்டில் தேங்காமல் மறுமுனையில் வர வேண்டும். குழாய்க்கு மீட்டருக்குக் குறைந்தது 1 செ.மீ. சரிவு இருக்க வேண்டும்." எங்கும் இடறவில்லை. குழாய்க்குள் வழுவழுப்பாகப் படரும் நுண்ணுயிர்ப் படலத்தை வினிகர் இளக்கும். பிளீச்சையும் வினிகரையும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது, குளோரின் வாயு கிளம்பும். இந்த எச்சரிக்கையைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

குழாய் வளைவில் நீர் நிற்குமிடத்துக்கு 'நீர்ப்பூட்டு' எனலாம். மின்விசிறி சுருளுக்குப் பின்னிருந்து காற்றை இழுக்கும் அமைப்புகளில் தட்டருகே அழுத்தம் குறைந்திருக்கும். 250 பாஸ்கல் இழுப்பு என்றால் 25 மி.மீ. நீர்மட்டத்துக்குச் சமம், பூட்டின் ஆழம் அதைவிடக் கூடுதலாக வேண்டும். குளிர்காலத்தில் பூட்டு வறண்டுவிடும். அதில் நீர் ஊற்றாமல் ஏ.சி.யை ஓட்டினால் குழாய்வழி காற்று உள்ளே ஏறி, நீரை வடியவிடாது. குழாயில் அடைப்பே இல்லாமல் தட்டு வழிவதற்கு இது ஒரு காரணம்.

மறுமொழி 2

ஏ.சி.க்கு வியர்நீர் பொருந்துகிறது. ஹீட்டருக்குப் பொருந்தாது, பொருத்தினால் ஆபத்து.

90 விழுக்காட்டுக்கு மேல் திறனுள்ள எரிவாயு ஹீட்டரில் வரும் நீர் அறைக்காற்றின் ஈரமன்று, எரிதலில் பிறந்தது. 1 கிலோ மீத்தேன் முழுதாக எரிந்தால் 2.25 கிலோ நீர் உண்டாகும். பழைய வகைகளில் அது ஆவியாகவே புகைபோக்கி வழியே போய்விடும். இவற்றிலோ இரண்டாம் வெப்பமாற்றியில் குளிர்ந்து நீராகிறது. எரிபுகையின் வாயுக்கள் கரைவதால் அமிலமாகவும் இருக்கிறது. பிஎச் பொதுவாக 3 முதல் 5. செம்பையும் இரும்பையும் அரிக்கும், ஆகவே பிளாஸ்டிக் குழாய்தான். வழியில் சுண்ணாம்புக்கல் சில்லு நிரப்பிய கலம் இருந்தால், சில்லுகள் கரைந்து குறையும். ஆண்டுக்கொருமுறை திறந்து நிரப்ப வேண்டும். வெளியே செல்லும் குழாய் கடுங்குளிரில் உறைந்தால் ஹீட்டர் களகளவென ஒலித்து நின்றுவிடும். வெதுவெதுப்பான நீரை வெளிப்புறம் ஊற்றி இளக்கலாம், கொதிநீர் கூடாது.

இதையும் வியர்நீர் என்றெழுதினால், செடிக்கு ஊற்றலாம் என்று யாராவது நினைப்பார்கள். தனியே புகைநீர் எனப் பிரியுங்கள். ஆங்கிலத்தில் ஒரே சொல் இருப்பதால் நமக்கும் ஒன்றே வேண்டும் என்பதில்லை.

இன்னொன்று. காற்று வடிகட்டி தூசியடைந்தால் காற்றோட்டம் குறைந்து சுருள்மேல் பனிக்கட்டி கட்டும். ஏ.சி.யை நிறுத்தியதும் அது மொத்தமாக உருகித் தட்டைத் தாண்டி வழியும். வாசகர் குழாயைக் குத்திக்கொண்டிருப்பார், குறையோ வடிகட்டியில். இதை உருகுநீர் என்றால் காரணம் சொல்லிலேயே தெரியும். வெப்ப எக்கியின் (வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே கொண்டுவந்து அறையைச் சூடாக்கும் எந்திரத்தின்) வெளி அலகு குளிர்காலத்தில் உறைபனியை நீக்கும்போது வடிவதும் உருகுநீரே. அது தேங்கி மறுபடி உறையாமல் அடியில் இடைவெளி விட வேண்டும்.

வியர்நீர் மீதும் ஓர் ஐயம் உண்டு: உள் அலகுக்கும் வெளி அலகுக்கும் இடையே ஓடும் செப்புக்குழாயும் வியர்க்கிறதே?

மறுமொழி 3

அதுவும் வியர்நீரே. சுருளில் வியர்ப்பது இயல்பு, குழாயில் வியர்ப்பது காப்புறை கிழிந்ததன் அடையாளம். "குழாய் வியர்த்தால் காப்புறையைப் பார்க்கவும்" என்று வினையாகவே எழுதிவிட்டால் தனிச்சொல் தேவைப்படாது. புகைநீர், உருகுநீர் இரண்டையும் மனமார ஏற்கிறேன்.

மறுமொழி 4

மூன்று சொற்களையும் வரைவில் ஏற்றிவிட்டேன். 'நீர் ஒழுகுகிறதா?' என்ற பகுதியை இப்படி மாற்றுகிறேன்: முதலில் சுருளில் பனிக்கட்டி உண்டா என்று பார்க்க வேண்டும், இருந்தால் உருகுநீர், வடிகட்டிக்குப் போகவும். இல்லையென்றால் வியர்நீர், குழாய்க்கும் நீர்ப்பூட்டுக்கும் போகவும். ஹீட்டரிலிருந்து வந்தால் புகைநீர், கையுறை அணியவும். தட்டு நிரம்பினால் எந்திரத்தை நிறுத்தும் மிதவைச் சுவிட்சை 'மிதவை நிறுத்தி' என்று வைத்திருக்கிறேன். அதற்கு மறுப்பிருந்தால் எழுதுங்கள்.