இரவில் எழுந்து போகிறாளா என்று யாரும் கேட்கவில்லை

ஒன்பது வயதுப் பெண்ணின் தாய், மதுரை

என் மகளுக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்னும் பெருங்குடல் அழற்சி இருப்பது தெரியவருவதற்கு முன், ஏழு மாதங்களில் ஐந்து முறை அவளுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தோம். மூன்று மருத்துவர்களிடம் காட்டினோம். மூவரும் கிருமித் தொற்று என்றே மருந்து எழுதினார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு குழந்தைக்குச் சளியும் இரத்தமும் கலந்து வயிற்றால் போனால் சீதபேதி என்றுதான் முதலில் எண்ணுவார்கள். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆகவே முதல் மருந்தைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. இரண்டாவதை, மூன்றாவதை எழுதும்போதாவது மலத்தைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கலாமே என்பதுதான் இன்றுவரை ஆறாத வருத்தம்.

ஒவ்வொரு முறையும் மருந்து தொடங்கிய மூன்றாம் நாள் சற்றுக் குறையும், பத்து நாளில் பழையபடி ஆகிவிடும். நோயின் இயல்பே ஏறி இறங்குவதுதான் என்பது எங்களுக்குத் தெரியாது. மருந்து கேட்கிறது, ஆனால் கிருமி பிடிவாதமானது என்று நம்பினோம். அதற்கிடையில் வீட்டில் சில மாற்றங்கள் நடந்துகொண்டிருந்தன. பள்ளியில் கழிவறைக்குப் போக நேருமே என்று அவள் காலை உணவைத் தவிர்க்கத் தொடங்கியிருந்தாள். கறை பட்ட உள்ளாடைகளைத் துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் சுருட்டி ஒளித்து வைத்திருந்ததை ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்டேன். இரவு இரண்டு மணிக்குக் கழிவறை விளக்கின் சுவிட்ச் போடும் சத்தம் அநேகமாகத் தினமும் கேட்கும். இவற்றையெல்லாம் நான் அறிந்திருந்தேன். ஆனால் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்திகள் இவை என்று அறிந்திருக்கவில்லை.

கடைசியில் போய்ச் சேர்ந்த குழந்தைகள் குடல் நோய் நிபுணர், நாங்கள் நீட்டிய மருந்துச் சீட்டுகளை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு தாளை எடுத்து ஆறு கேள்விகள் கேட்டார். வயிற்று வலி இருக்கிறதா, இரத்தம் எந்த அளவுக்குப் போகிறது, மலம் கெட்டியா தண்ணீரா, ஒரு நாளில் எத்தனை முறை, இரவில் தூக்கத்திலிருந்து எழுந்து போகிறாளா, விளையாட்டும் பள்ளியும் எந்த அளவுக்குக் குறைந்திருக்கின்றன. ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு மதிப்பெண். வலி பொறுக்கும்படி இருந்ததால் 5, பெரும்பாலான முறை சிறிதளவு இரத்தம் என்பதால் 20, முழுவதும் இளகிய மலம் 10, நாளுக்கு ஏழு முறை என்பதால் 10, இரவில் எழுவதற்கு 10, அவ்வப்போது விளையாடாமல் உட்கார்ந்துவிடுவதற்கு 5. கூட்டினால் 60. உச்ச மதிப்பெண் 85. 65-ஐத் தொட்டால் கடுமையான நிலை. ஐந்து புள்ளிகள் மட்டுமே மீதம் இருந்தன.

அந்த அளவுகோலின் பெயர் பியூகாய் (PUCAI). டொரொண்டோவில் டான் டர்னர் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் உருவாக்கி 2007-இல் வெளியிட்டது. அதற்கு இரத்தப் பரிசோதனை வேண்டாம், குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி வேண்டாம். அந்த ஆறு கேள்விகளில் ஒன்றுகூட எனக்குப் பதில் தெரியாத கேள்வி இல்லை என்பதை நினைத்து நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

இந்தத் தாளை வைத்து நோய் இன்னதென்று முடிவு செய்ய முடியாது, ஏற்கெனவே கண்டறிந்த நோயின் கடுமையை அளக்கவே இது உதவும் என்று அவர் தெளிவாகச் சொன்னார். கேட்கும் வரிசை தெளிவாக இருப்பதால் முதல் நாளிலும் இதையே கேட்பது அவருடைய வழக்கமாம். ஆன்டிபயாடிக் எதுவும் கொடுக்காமல் இருந்த நாள்களில் மலத்தைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு, அனுப்பினார், ஏனெனில் மருந்து உள்ளே இருக்கும்போது கிருமி இருந்தாலும் வளராமல் போகலாம். காசநோய் இல்லை என்று உறுதி செய்துகொண்டார். மலத்தில் கேல்ப்ரொடெக்டின் என்னும் புரதத்தைப் பார்த்தார். குடலில் அழற்சி இருந்தால் வெள்ளணுக்களிலிருந்து வெளிவரும் புரதம் அது. ஒரு கிராம் மலத்தில் 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருக்க வேண்டியது, அவளுக்கு ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. தொற்றிலும் அது ஏறக்கூடும் என்பதால் அதோடு நிறுத்தாமல், மயக்க மருந்து கொடுத்து, பெருங்குடலைக் குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி செய்து, சதை எடுத்துப் பார்த்த பிறகே பெயரைச் சொன்னார். சென்ற வாரம் அவளுடைய மதிப்பெண் 5. இட்லி சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்குப் போகிறாள்.

ஒரே ஒரு கேள்வி என்னை விட்டு அகலவில்லை. அந்த ஐந்து மருந்துகள்தாம் இந்த நோயைக் கொண்டுவந்தனவா?

குழந்தை மருத்துவர், தென்மாவட்டம் ஒன்றிலிருந்து

சகோதரி, உங்கள் மகளுக்கு இரத்தம் போகத் தொடங்கிய பிறகுதான் மருந்துகள் வந்தன என்பதை முதலில் மனத்தில் நிறுத்துங்கள். டென்மார்க்கில் ஐந்தே முக்கால் லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவேடுகளை ஆராய்ந்து 2011-இல் ஓர் ஆய்வு வந்தது. ஆன்டிபயாடிக் எடுத்துக்கொண்ட குழந்தைகளிடம் குடல் அழற்சி நோய் கூடுதலாகக் காணப்பட்டது. குறிப்பாக, குடல் அழற்சி நோயின் இன்னொரு வகையான க்ரோன் நோய். ஆனால் அதை எழுதியவர்களே வேறொரு விளக்கத்தையும் முன்வைத்தார்கள்: இன்னும் கண்டறியப்படாத நோயின் அறிகுறிகளைத் தொற்று என்று கருதி மருந்து கொடுத்திருக்கலாம், அதனாலேயே மருந்துக்குப் பின் நோய் வந்தது போலத் தோன்றியிருக்கலாம். உங்கள் வீட்டில் நடந்தது அப்படியே அதுதான்.

என்னுடைய அனுபவம் ஒன்றையும் சொல்கிறேன். பதினான்கு மாதப் பையன் ஒருவனைத் தூக்கி வந்தார்கள். அவனுடைய பாட்டி, யாரும் கேட்காமலேயே, அவன் கடைசியாக நனைத்த துணியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்து வந்திருந்தார். பிரித்துப் பார்த்தேன், வெறும் தண்ணீர், இரத்தமும் இல்லை, சளியும் இல்லை. அந்தப் பாட்டி செய்த உதவியை எந்த ஆய்வுக்கூடமும் அவ்வளவு விரைவில் செய்திருக்காது. ஓ.ஆர்.எஸ். கரைசலும், பதினான்கு நாளுக்குத் தினம் 20 மில்லிகிராம் துத்தநாகமும் எழுதினேன். தகப்பனார், “அவ்வளவுதானா டாக்டர்? கிருமிக்கு ஒன்றும் எழுதவில்லையே?” என்று கேட்டார். அவரை உட்காரவைத்து, ஒரு மணி நேரம் கரண்டி கரண்டியாகப் புகட்டச் சொன்னேன். பையன் கண் திறந்து அழத் தொடங்கியதும் கன்னத்தில் நீர் வழிந்ததை அவரே காட்டினார்.

அப்படி எழுதாமல் விடும் துணிவை எனக்குத் தந்தது 2021-இல் வெளியான ஓர் ஆய்வு. இந்தியா உள்பட ஏழு நாடுகளில், நீரிழப்போ ஊட்டக்குறைவோ உள்ள, இரண்டு வயதுக்கு உட்பட்ட எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு, இரத்தமில்லாத வயிற்றுப்போக்கின்போது, பாதிப் பேருக்கு அசித்ரோமைசின் என்னும் ஆன்டிபயாடிக்கும் மீதிப் பேருக்கு மருந்தில்லாத போலிக் கரைசலும் கொடுத்தார்கள். 180 நாள் கழித்துப் பார்த்தபோது இறப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அவ்வளவு நலிந்த குழந்தைகளிடமே இப்படியென்றால், நன்றாக வளர்ந்த குழந்தைக்கு நாம் எதற்காக எழுதுகிறோம்?

இரத்தம் கலந்து போனால் கதை வேறு. அப்போது சீதபேதியை உண்டாக்கும் ஷிகெல்லா என்னும் கிருமியை எண்ணி ஆன்டிபயாடிக் கொடுக்கத்தான் வேண்டும், தாமதிக்கக் கூடாது. இரண்டு நாளில் முன்னேற்றம் இல்லையென்றாலோ, நின்று மீண்டும் வந்தாலோ, அடுத்த மருந்தின் பெயரை எழுதும் முன் மலம் பரிசோதனைக்குப் போக வேண்டும். உங்கள் பகிர்வைப் படித்த பிறகு, இரவைப் பற்றிய கேள்வியையும் என் வழக்கத்தில் சேர்த்துக்கொண்டேன். குடலில் அழற்சி எதுவும் இல்லாமல், குடலின் கூச்சத்தால் மட்டும் வயிறு வலிக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் இரவில் தூங்கிவிடுவார்கள்.

மருந்தாளுநர்

கடையில் நான் பார்ப்பது பழைய சீட்டுகளை. போன வருடம் அண்ணனுக்கு எழுதியதை இந்த வருடம் தம்பிக்குக் கேட்பார்கள்; சிலர் காலி டப்பாவை மட்டும் காட்டுவார்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைக் கொடுக்கும்போது ஒரு லிட்டர் தண்ணீரில் முழுவதையும் கரைக்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்; இருந்தும் ஒரு தம்ளரில் கொஞ்சம் போட்டுக் கலக்கிக் கொடுத்ததாகச் சொல்பவர்கள் உண்டு.

நேற்று மாலை ஓர் அம்மா காலி டப்பாவோடு வந்தார். பையனுக்கு எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். மூன்று வாரம் என்றார். இரத்தம்? எப்போதாவது. இரவில் எழுந்து போகிறானா என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, “ஆமாம், அதை எப்படிக் கேட்கிறீர்கள்?” என்றார். மருந்து தரவில்லை. குழந்தைகள் பிரிவின் புறநோயாளி நேரத்தைக் காகித உறையின் பின்புறம் எழுதிக் கொடுத்து, காலையில் போகும்போது மலத்தையும் சிறு டப்பாவில் எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன்.