டிஎன்எஸ் ரெக்கார்டை யாரு மாத்தினாங்கன்னே தெரியல, லாக் எப்படி வைக்கறது?

சர்வர்வாசி:
எங்க டொமைன்ல எம்எக்ஸ் ரெக்கார்டை (மெயில் எந்த சர்வருக்குப் போகணும்னு சொல்றது) யாரோ மாத்திட்டாங்க, அரை நாள் ஒரு மெயிலும் வரல. டிஎன்எஸ் அமேசான் கிளவுட்டோட (ஏடபிள்யூஎஸ்) ரூட் 53லதான் இருக்கு. லாக்ல தேடினா எதுவுமே கிடைக்கல, கிடைச்சாலும் டீம் மொத்தமும் ஒரே லாகின், எஸ்எஸ்எல் புதுப்பிக்கிற ஸ்கிரிப்டும் அதே அக்கவுண்ட் கீயிலதான் ஓடுது. எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?

ஜோன்ஃபைல்:
முதல்ல அந்த பொது லாகினை ஒழிங்க. ஆளுக்கு ஒரு அக்கவுண்ட், டூ ஃபேக்டர் கட்டாயம், அது இல்லாம எவ்ளோ லாக் சேர்த்தாலும் பிரயோஜனம் இல்ல.

அடுத்து ஸ்கிரிப்ட். சர்டிஃபிகேட் புதுப்பிக்க அதுக்குத் தேவை டொமைன் நம்மளுதுன்னு நிரூபிக்கிற ஒரே ஒரு டிஎக்ஸ்டி ரெக்கார்டு, அதுக்குப் போய் மொத்த ஜோனையும் (டொமைனோட எல்லா ரெக்கார்டும்) தூக்கிக் குடுத்தா நாளைக்கு அந்த வெப் சர்வர்ல எவனாவது புகுந்தான்னா எம்எக்ஸும் அவன் கையில, எந்த டிஎன்எஸ் சர்வர்னு சொல்ற என்எஸ்ஸும் அவன் கையில. அந்த டிஎக்ஸ்டி இருக்கற அக்மே சேலஞ்ச் பேரை சிநேம் (ஒரு பேரை இன்னொரு பேருக்குக் காட்டற ரெக்கார்டு) போட்டு தனி ஜோனுக்குத் திருப்பி விட்டுட்டு அந்த ஜோனுக்கு மட்டும் அனுமதி குடுங்க. இல்லேன்னா 2022லேர்ந்து ஐஏஎம் பாலிசியிலயே (ஏடபிள்யூஎஸ்ல யாருக்கு என்ன அனுமதின்னு எழுதறது) ரெக்கார்டு பேர், டைப் வரைக்கும் கட்டுப்படுத்தலாம்.

லாக்தேடி:
கிளவுட்ட்ரெயில்ல (ஏடபிள்யூஎஸ்ல யாரு என்ன செஞ்சாங்கன்னு பதியற லாக்) எந்த ரீஜியன்ல பாத்தீங்க? ரூட் 53 குளோபல் சர்வீஸ், அதோட லாக் எல்லாம் வட வர்ஜீனியா ரீஜியன்லதான் விழும். 90 நாள்தான் தானா இருக்கும், அதனால சீக்கிரம் பாருங்க. அதுக்கு மேல வேணும்னா ட்ரெயில் போட்டு எஸ்3க்கு (அமேசானோட ஃபைல் சேமிப்பு) அனுப்பணும், அதுவும் வேற அக்கவுண்ட்ல, ரெக்கார்டை மாத்தறவருக்கே லாகை அழிக்கிற உரிமை இருக்கவே கூடாது.

இன்னொண்ணு, அப்சர்ட்னு (இருந்தா மாத்து, இல்லேன்னா சேரு) போற மாற்றத்துல புது வேல்யூ மட்டும்தான் பதிவாகும், பழசு இருக்காது. அதுக்குத்தான் நாங்க ஜோனையே கிட்ல (ஃபைல் மாற்றங்களைப் பதிவு பண்ற டூல்) வெச்சு, அதை டிஎன்எஸ்ல ஏத்தற டிஎன்எஸ்கன்ட்ரோல் மூலமா ஏத்தறோம், யாரு எதை ஏன் மாத்தினாங்கன்னு கமிட்லயே தெரிஞ்சிடும், ஒருத்தர் பாத்து ஓகே சொன்னாதான் போகும்.

ஜோன்ஃபைல்:
ரிஜிஸ்ட்ரார் (டொமைன் பதிவு பண்ண கம்பெனி) அக்கவுண்டை மறந்துடாதீங்க. 2013 ஆகஸ்ட்ல நியூயார்க் டைம்ஸ் சைட் விழுந்தது அப்படித்தான், ரிஜிஸ்ட்ராரோட ரீசெல்லர் ஒருத்தரோட லாகின் திருட்டுப்போய் டிஎன்எஸ்ஸை மாத்திட்டாங்க. அந்த மாதிரி மாற்றம் உங்க ஜோன் லாக்ல வரவே வராது. முக்கியமான டொமைன்னா ரிஜிஸ்ட்ரி லாக் (.com மாதிரி முடிவை நடத்தற ரிஜிஸ்ட்ரியே போடற பூட்டு) கேளுங்க, பேனல்ல கிளிக் பண்ணி போடற டிரான்ஸ்ஃபர் லாக் இல்ல, அது வேற.

சர்வர்வாசி:
வர்ஜீனியால இருக்கு! ஐபி பாத்தா ஆஃபீஸ் ஐபிதான், பிரவுசர்லேர்ந்து மாத்தியிருக்காங்க, ஸ்கிரிப்ட் இல்ல. கீயை இன்னிக்கே மாத்திடறேன், ட்ரெயில் போடறப்ப சந்தேகம் வந்தா இங்கயே கேக்கறேன்.