மின்னழுத்தம் குறைந்தால் ஹீட்டர் அதிக மின்னோட்டத்தை இழுக்குமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக்கு இணைப்பு வருவது தெருவின் கடைசி மின்கம்பத்திலிருந்து என்பதால், பகலில் 230 வோல்ட் இருக்கும் மின்னழுத்தம் மாலையில் 190 வரை இறங்கிவிடுகிறது. 1500 வாட் என்று அச்சிடப்பட்ட வாட்டர் ஹீட்டர் கம்பி ஒன்றைப் பயன்படுத்துகிறோம். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கினால் திறன் கிடைக்கும் என்று பள்ளியில் படித்ததை நம்பி, 1500-ஐ 190-ஆல் வகுத்து, மாலையில் 7.9 ஆம்பியர் ஓடும் என்று கணக்கிட்டேன். வயர் தாங்குமா என்ற அச்சத்தில் கிளாம்ப் மீட்டரை வைத்துப் பார்த்தால் 5.4 ஆம்பியர்தான் காட்டுகிறது. பகலில் அதே மீட்டர் 6.5 காட்டியது. மீட்டர் பழுதா, என் கணக்கு பிழையா?

மறுமொழி 1

உங்கள் மீட்டர் சரியாகவே காட்டுகிறது. சூத்திரமும் சரிதான், அதில் எந்த எண் மாறாமல் இருக்கும் என்று நீங்கள் எடுத்துக்கொண்டதில்தான் பிழை இருக்கிறது. ஹீட்டரின் மேல் உள்ள 1500 வாட் என்பது 230 வோல்ட் கிடைக்கும்போது மட்டும் பொருந்தும் அளவு. உள்ளே இருக்கும் நிக்ரோம் கம்பிக்குத் தன் மேல் என்ன அச்சிட்டிருக்கிறது என்று தெரியாது. அதனிடம் நிலையாக இருப்பது அதன் மின்தடை ஒன்றுதான்.

ஆகவே முதலில் மின்தடையைக் கண்டுபிடியுங்கள். 230 வோல்ட்டை 6.5 ஆம்பியரால் வகுத்தால் 35.4 ஓம் வருகிறது. அச்சிட்ட அளவிலிருந்தும் இதைப் பெறலாம்: 230-இன் வர்க்கமான 52,900-ஐ 1500-ஆல் வகுத்தால் 35.3 ஓம். இரண்டு வழியிலும் ஏறத்தாழ ஒரே விடை வருவதே உங்கள் மீட்டருக்குச் சான்று. இனி 190-ஐ 35.3-ஆல் வகுங்கள்: 5.4 ஆம்பியர், நீங்கள் அளந்த அதே எண். திறன் 190 × 5.4, அதாவது ஏறக்குறைய 1025 வாட். மின்னழுத்தம் ஆறில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகக் குறைந்ததற்குத் திறன் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டதைக் கவனியுங்கள். மின்னழுத்தம் குறையும்போது மின்னோட்டமும் சேர்ந்து குறைவதால், திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுகிறது.

மறுமொழி 2

மேலே சொன்ன விளக்கத்தோடு முழுமையாக உடன்படுகிறேன். ஆனால் கேள்வி கேட்டவரின் அச்சம் ஆதாரமற்றது என்று தள்ளிவிட முடியாது. ‘லோ வோல்டேஜில் மோட்டார் காயில் கருகிவிடும்’ என்று கிணற்று மோட்டார் வைத்திருப்பவர்கள் சொல்வது உண்மை. ஓடும் மோட்டார் தண்ணீரைத் தூக்கும் வேலையைச் செய்தே ஆக வேண்டியிருப்பதால், மின்னழுத்தம் குறையும்போது அது கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கிறது. மின்னோட்டம் 20 விழுக்காடு கூடினால், காயிலில் உண்டாகும் வெப்பம் 1.2-இன் வர்க்கமாக, 1.44 மடங்காக ஏறுகிறது. அந்த அனுபவத்தை ஹீட்டருக்குப் பொருத்தியதால்தான் குழப்பம் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். மேலும், மோட்டாருக்கு மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்துக் காயிலின் மின்தடை என்று எழுதிவிடக் கூடாது. அங்கே திறனைக் கணக்கிடும்போதும் திறன் காரணியை, அதாவது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கி வரும் அளவில் எவ்வளவு பங்கு உண்மையான திறன் என்பதைக் காட்டும் எண்ணை, சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. இதே முறையில் வீட்டில் கிடந்த பழைய 60 வாட் குண்டு பல்புக்கும் கணக்கிட்டேன். 52,900-ஐ 60-ஆல் வகுத்தால் 882 ஓம் வருகிறது. பல்பைக் கழற்றி மல்டிமீட்டரில் அளந்தால் 65 ஓம் மட்டுமே இருக்கிறது. இவ்வளவு வேறுபாடு எப்படி வரும்?

மறுமொழி 1

இரண்டு எண்களும் சரி; ஒன்று குளிர்ந்த கம்பியுடையது, மற்றொன்று எரியும் கம்பியுடையது. பல்பின் டங்ஸ்டன் இழை எரியும்போது சுமார் 2500 டிகிரி செல்சியஸ் வரை சூடாகிறது. அந்த வெப்பத்தில் அதன் மின்தடை பத்து மடங்குக்கும் மேல் உயர்ந்துவிடுகிறது. சுவிட்சைப் போட்ட கணத்தில் இழை குளிர்ந்திருப்பதால் 3.5 ஆம்பியர் வரை பாய்ந்து, நொடியின் சிறு பகுதிக்குள் 0.26 ஆம்பியருக்கு இறங்கும். நைந்துபோன பல்புகள் பெரும்பாலும் போட்ட உடனேயே ‘பட்’ என்று போவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோமே, இதுதான் காரணம். நிக்ரோமின் மின்தடை சூட்டில் சில விழுக்காடுதான் மாறும் என்பதால், ஹீட்டரில் அந்த வேறுபாடு உங்கள் கண்ணில் படவில்லை.

ஓம் அளவில் எதை அளந்தாலும் பிளக்கைப் பிடுங்கிய பிறகே அளக்க வேண்டும் என்பதை மறவாதீர்கள்.

மறுமொழி 2

மாலையில் கரண்ட் பில் கூடுமோ என்றும் கவலைப்பட வேண்டாம். 20 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குக் கொண்டுவரச் சுமார் 16.7 லட்சம் ஜூல் வேண்டும். இது 0.47 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. 1500 வாட்டில் இதற்கு 19 நிமிடமும் 1025 வாட்டில் 27 நிமிடமும் ஆகும். தண்ணீருக்குள் போகும் யூனிட் இரண்டிலும் ஒன்றுதான்.

கேள்வி கேட்டவர்

நேற்று மாலை 190 வோல்ட்டில் 20 லிட்டர் வாளியை வைத்து நேரம் பார்த்தேன். 45 டிகிரியைத் தொட 29 நிமிடம் ஆனது. கூடுதலான இரண்டு நிமிடம் மூடாத வாளியிலிருந்து வெளியேறிய வெப்பத்துக்கானது என்று எடுத்துக்கொள்கிறேன்.