"ஏதோ குறையுது"ங்கிற உணர்வு: ஊர் வெச்ச அளவுகோலை எப்படி விடுறது?

கொழுந்துக்காடு (கோத்தகிரி):
வயசு 34, கல்யாணம் ஆகல, அரசு வேலை இல்ல. சொந்தத் தேயிலைத் தோட்டம் கடனில்லாம ஓடுது. ஆனாலும் ஜனவரியில எங்க படுகர் ஊர்கள்ல நடக்கிற ஹெத்தை அம்மன் பண்டிகைக்கு ஊர் கூடுறப்போ, "இன்னும் ஒண்ணும் அமையலையா?"ன்னு யாராவது கேட்டா போதும், வாரக்கணக்குல மனசு சுருங்கிடுது. இந்த நிலைமைல இருக்கிறவர் என்ன செய்யணும்? "சமூகம் திணிச்சதை விட்டுடு"ங்கிற உபதேசம் வேணாம், செய்முறை வேணும்.

நோட்டுக்காரர் (உதகை):
விடுறதுக்கு முன்னாடி அது என்னன்னு பிடிக்கணும். உணர்வு வந்த அன்னிக்கே மனசு சொன்னதை எழுதுங்க. "நான் குறையுள்ளவன்"னு பொதுவா எழுதினா பயனில்ல. "தனியா பந்தியில உட்கார்ந்தா பரிதாபப்படுவாங்க", இந்த அளவுக்குத் துல்லியமா வேணும். பக்கத்துல அது யார் குரல்ல கேக்குது, மீறினா என்ன ஆகும்னு மனசு சொல்லுது, பயம் பத்துக்கு எத்தனைன்னும் குறிங்க. ரெண்டு வாரத்துல பாத்தா நாலஞ்சு வாக்கியம்தான் சுத்திச் சுத்தி வரும்.

அதுல பயம் 3 அல்லது 4 உள்ளதை எடுத்துச் செஞ்சு பாருங்க. "அஞ்சு பேராவது கேப்பாங்க"ன்னு முன்னாடியே எழுதிட்டுப் போங்க, வந்து நிஜக் கணக்கை எழுதுங்க. 8-ல ஆரம்பிச்சா பெரும்பாலும் பாதியில கிளம்பிடுவோம். அப்போ "தப்பிச்சோம்"ங்கிற நிம்மதிதான் பதியும், பயம் இன்னும் கெட்டியாகும். அங்க போய் போனுக்குள்ள தலையைக் குனிஞ்சிக்கிறதும் பாதியில கிளம்புறதும் ஒண்ணுதான்.

இன்னொண்ணு. அளக்கப் புறத்துல ஒரு கோல் இல்லாதப்போ மனுஷன் தன்னைப் போல உள்ளவங்களை வெச்சுத் தன்னை அளக்கிறான்னு உளவியலாளர் லியான் ஃபெஸ்டிங்கர் 1954-லயே எழுதியிருக்கார். கோயம்புத்தூர் கோடீஸ்வரன் வலிக்க மாட்டான், கூடப் படிச்ச சித்தப்பா மகன் வலிப்பான். அப்படி மூணு நாலு பேர்தான் இருப்பாங்க. அவங்க வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை மியூட் பண்ணுங்க.

பெருமாள்மலை:
நோட்டு சரி. ஆனா வாக்கியமே இல்லாம வெறும் வெறுமையா வர்றதுக்கு உட்கார்ந்து பழகணும். தினம் 20 நிமிஷம். மலை வீட்டுல சிமெண்ட் தரை சில்லுன்னு இருக்கும், கம்பளியை நாலா மடிச்சுப் போட்டு மேல உட்கார ஒரு திண்டு வைங்க. முட்டி இடுப்பை விடக் கீழ இருக்கணும், இல்லேன்னா முதுகு வளைஞ்சிடும். உணர்வு வந்தா பதில் சொல்லாதீங்க; தொண்டையிலயா நெஞ்சுக்குழியிலயான்னு மட்டும் பாருங்க.

இதுல பெரிய வழுக்கல் "நிறைவு" வரும்னு காத்திருக்கிறது. "நான் இன்னும் விடலையே"ன்னு புதுசா ஒரு குறை முளைக்கும். பழைய அளவுகோல்தான், காவி கட்டி வந்திருக்கு. கூட உட்கார ஆள் வேணும்னா இங்க கொடைக்கானல் பக்கம் பெருமாள்மலையில போதி ஜெண்டோங்கிற ஜென் தியான மையத்துல கத்துத் தர்றாங்க.

குன்னூர் ரயில்:
ரெண்டு பேரும் ஒண்ணை விட்டுட்டீங்க. எல்லாக் கட்டுப்பாடும் மனசுக்குள்ள மட்டும் இல்ல. மீறினா போறது ஊர் மரியாதை மட்டுமா, இல்ல சொத்துப் பங்கும் பாதுகாப்புமான்னு முதல்ல பிரிங்க. ரெண்டாவது வகைன்னா சோதனை செஞ்சு பாக்குற இடம் அது இல்ல. பட்டா யார் பேர்ல, தனி வங்கிக் கணக்கு உண்டா, அதெல்லாம் முதல்ல.

ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கமும் பசியும் கெட்டு எதுலயும் பிடிப்பில்லாம இருந்தா, இந்தப் பயிற்சியோட நிக்காதீங்க. 14416-க்குக் கூப்பிடுங்க, டெலி மனாஸ்ங்கிற அரசோட மனநல உதவி எண். 24 மணி நேரமும் இலவசம், தமிழ்ல பேசலாம்.

கொழுந்துக்காடு:
நன்றி. பண்டிகையில கேட்டா வாயால என்ன சொல்றது?

நோட்டுக்காரர்:
"இப்போதைக்கு இல்லீங்க மாமா." அவ்வளவுதான், காரணம் சேர்க்காதீங்க. ஜாதகம்னா "எனக்குத் தெரிஞ்ச ஜோசியர் இருக்கார்"ம்பாங்க, தோட்டவேலைன்னா "ஆள் வெச்சுக்கோ"ம்பாங்க. சொல்லிட்டு அங்கேயே நில்லுங்க. பேச்சு வேணும்னா "உங்க காட்டுல பனியில கொழுந்து கருகிச்சா?"ன்னு கேளுங்க, ஜனவரியில அதுக்கு எல்லாருக்கும் பதில் இருக்கும்.